தென்னாற்காடு ஜில்லா, குயிலாப்பாளையம் கிராமம்: ஒரு கிரயப் பத்திரத்தைப் படித்த கதை

அப்பா போய் ஒன்றரை வருஷம் கழித்துத்தான் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். பட்டா பெயர் மாற்றத்துக்கு மூலப் பத்திரம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பழைய ரேஷன் கார்டு, எல்ஐசி ரசீது, என்னுடைய ஏழாம் வகுப்பு மார்க் ஷீட் எல்லாவற்றுக்கும் அடியில் அது இருந்தது. 1964-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம். தாத்தா குயிலாப்பாளையத்தில் எழுபது சென்ட் புஞ்சை வாங்கியதற்கானது. மடிப்புகளில் கிழிந்து நாலு துண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அதை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் முதல் வரியைப் படித்துவிட்டுச் சிரித்தார். "சார், தென்னாற்காடு ஜில்லாவே இப்ப இல்லையே!" சர்வே எண்ணும் திரையில் காட்டுகிற எண்ணோடு ஒத்துப்போகவில்லை. மூன்று தடவை அலைந்தேன்.

அதே வாரம் மரக்காணத்திலிருந்து பெரியம்மா போன் செய்தார். அம்மாவின் அக்கா. நாற்பது வருஷத்துக்கு மேல் உப்பளத்தில் கூலி வேலை செய்தவர். மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசாங்கம் ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது இல்லையா, அதற்கு மனு கொடுக்கப் போயிருக்கிறார். உப்பளத் தொழிலாளி என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள்.

"ஏம்ப்பா, எங்கிட்ட இன்னா ஆதாரம் இருக்கும்? காலக் காட்டட்டுமா?" என்றார்.

ஒரு பக்கம், எழுபது சென்ட் நிலத்துக்கு அறுபது வருஷத்துக் காகிதம். இன்னொரு பக்கம், நாற்பது வருஷ உழைப்புக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. ஒரே மாவட்டம், முப்பது கிலோமீட்டர் போல தூரம். இது ஏன் இப்படி என்று தேட ஆரம்பித்ததுதான் இந்தப் பதிவு.

வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் வரலாறு படித்தவன் இல்லை. பி.இ. முடித்து இருபது வருஷமாக சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ஒரு பழைய சிஸ்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் அதன் டேட்டாபேஸைத் திறந்து பார்ப்பது எங்கள் வழக்கம். எந்த விவரத்துக்குத் தனிக் கட்டம் போட்டிருக்கிறான், எதற்குப் போடவில்லை என்று பார்த்தால், கட்டியவன் எதைப் பெரிதாக நினைத்தான் என்பது தெரிந்துவிடும். தாத்தாவின் பத்திரத்தையும் அப்படித்தான் படித்தேன். ஜில்லா, கிராமம், சக்குபந்தி என்று ஒவ்வொரு வரியாக.

ஜில்லா

முதலில் 'இல்லாத' ஜில்லா. 1801 ஜூலையில் கர்நாடக நவாப் அசீம்-உத்-தௌலா தன்னுடைய நிர்வாகத்தை கிழக்கிந்தியக் கம்பெனியிடம் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு கலெக்டர் ஆட்சி வந்து, உருவானதுதான் தென்னாற்காடு. தலைநகரம் கடலூர். வேடிக்கை என்னவென்றால் ஆற்காடு என்ற ஊர் இந்த ஜில்லாவில் இல்லவே இல்லை. அது வடக்கே, வடாற்காட்டில். நவாபின் ஊர்ப் பெயரை, நவாப் போன பிறகும் நாம் இருநூறு வருஷம் சுமந்தோம்.

1906-இல் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய தென்னாற்காடு கெசட்டியரில் எட்டு தாலுகாக்கள் வருகின்றன. சிதம்பரம், கடலூர், கள்ளக்குறிச்சி, திண்டிவனம், திருக்கோவிலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், விருத்தாசலம். அதற்கு முன்னால் 1878-இல் கார்ஸ்டின் எழுதிய மேனுவல் ஒன்று இருக்கிறது. இரண்டையும் புரட்டினால் மண் வகை, தீர்வை, பாசனம், சாதிகள், பஞ்சம், உப்பு என்று எல்லாம் இருக்கும். கலெக்டருக்குத் தெரிய வேண்டியது எல்லாம் இருக்கும்.

எட்டில் திருவண்ணாமலை 1911-இல் வடாற்காட்டுக்குப் போனது. 1993 செப்டம்பர் 30 அன்று தென்னாற்காடு இரண்டாகப் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது. அப்போது அதற்கு 'விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம்' என்று பெயர். 1997-இல் தலைவர்களின் பெயர்களை மாவட்டங்களிலிருந்து எடுத்தபோது வெறும் விழுப்புரம் ஆனது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி பிரிந்து போனது. இன்றைக்குக் குயிலாப்பாளையம் வானூர் வட்டத்தில் இருக்கிறது. திண்டிவனம் வட்டத்தில் இருந்த மரக்காணம் தனி வட்டமாகிவிட்டது.

தாத்தா இடத்தை விட்டு நகரவே இல்லை. அவருடைய எழுபது சென்ட்டும் நகரவில்லை. மேலே இருந்த பெயர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தன.

எல்லை

பத்திரத்தின் பின்பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துகள். அதில் ஒருவர் ஆயாவின் தம்பி. ஊர் ஆலங்குப்பம் என்று போட்டிருந்தது. குயிலாப்பாளையத்துக்குப் பக்கம்தான். நடந்தே போய்விடலாம். ஆனால் ஆயா பிறந்தபோது அது வேறு தேசம்.

ஈசிஆரில் பாண்டிச்சேரியிலிருந்து வடக்கே பைக்கில் போய்ப் பாருங்கள். கோட்டக்குப்பம் வந்தால் தமிழ்நாடு. பொம்மையார்பாளையம், தமிழ்நாடு. காலாப்பட்டு வந்தால் மறுபடி புதுச்சேரி. கனகசெட்டிகுளம் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. போர்டு பார்க்க வேண்டாம். மதுக்கடைகளையும் பெட்ரோல் பங்க்குகளையும் எண்ணினாலே எந்த மாநிலம் என்று தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களும் நவாபுகள் கொடுத்த மானியங்களும், அதன் பிறகு பிரிட்டனும் பிரான்சும் போட்ட ஒப்பந்தங்களும் சேர்ந்து கிழித்த கோடு இது. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு பிடிப்பதும் திருப்பித் தருவதுமாக இழுத்துக்கொண்டு போய், கடைசியாக 1816 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. பெரிய நிலப்பரப்பு எதுவும் வரவில்லை. ஆங்கிலேயர் கடலுக்கு நடுவில் தீவுத் தீவாக ஊர்கள் வந்தன.

அந்த ஒப்பந்தங்களில் ஒன்றைப் படித்தபோதுதான் எனக்கு முதல் தடவை பொறி தட்டியது. 1815 மார்ச் 7, லண்டனில் கையெழுத்தானது. விஷயம், உப்பும் அபினியும்! பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் உரிமை ஆங்கிலேயருக்கு மட்டும். பதிலுக்கு பிரான்சுக்கு வருஷம் 4 லட்சம் சிக்கா ரூபாய். மூன்று வருஷம் கழித்து, 1818 மே மாதம் பாண்டிச்சேரியில் இன்னோர் உடன்பாடு. அதன்படி பிரெஞ்சுப் பகுதியில் உப்பு விளைவிப்பதையே நிறுத்திவிட வேண்டும். உப்பள முதலாளிகளின் நஷ்டத்துக்கு வருஷம் 4,000 நட்சத்திர வராகன்.

கவனியுங்கள். நஷ்ட ஈடு உப்பளத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு. அந்த அளங்களில் பாத்தி மிதித்தவர்கள், உப்பு வாரியவர்கள் மறுநாள் எங்கே போனார்கள் என்று கேட்கிற வரி அந்த உடன்பாட்டில் எனக்குத் தென்படவில்லை.

ஐரோப்பாவில் நெப்போலியனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இரண்டு வல்லரசுகள், நம்ம ஊர் அளத்தில் யார் உப்பு வாருவது என்பதைத் தனி ஒப்பந்தம் போட்டுப் பேசியிருக்கின்றன. அப்படியானால் உப்பில் எவ்வளவு காசு இருந்திருக்க வேண்டும்!

ஆயாவுக்கு இந்த ஒப்பந்தம் எதுவும் தெரியாது. ஆனால் "உப்பு நம்ம ஊரு, சரக்கு அவங்க ஊரு" என்று சொல்லிச் சிரிப்பார். 1948-இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்த பிறகு அந்தப் பேச்சுக்கு அர்த்தம் இன்னும் கூடிவிட்டது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கு ஆதரவு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான். தாத்தாவின் பத்திரம் எழுதப்பட்டது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. ஆலங்குப்பத்து மச்சான் ஓர் இந்தியராக, அடுத்த ஊரில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

கிராமம்

பத்திரத்தில் 'குயிலாப்பாளையம் கிராமம்' என்று கெத்தாக எழுதியிருக்கிறார்கள். உள்ளாட்சிக் கணக்கில் அது பொம்மையார்பாளையம் ஊராட்சியைச் சேர்ந்த ஒரு குக்கிராமம். பொம்மையார்பாளையத்தை நிறையப் பேருக்கு மயிலம் பொம்மபுர ஆதீனத்தின் பெயரால் தெரிந்திருக்கும். அந்தப் பொம்மபுரம் இதுதான்.

அலுவலகத்தில் சர்வே எண் ஒத்துப்போகாததற்குக் காரணம் இந்த கிராமம் என்கிற அடுக்கில் இருந்தது. பத்திரம் எழுதியபோது கிராமக் கணக்கு கர்ணத்தின் கையில். சிட்டா, அடங்கல் எல்லாம் அவர் வீட்டில். பரம்பரை உத்தியோகம். ஊரில் யார் நிலம் எது என்பது அவர் தலையில் இருந்தது. மீதி அவர் வீட்டுப் பரணில் இருந்தது. 1979-இல் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்று ஆரம்பித்தார்கள். 'யுடிஆர்' என்றால் கிராமத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதில் பழைய எண்கள் உட்பிரிவாகி மாறின. பெயர்கள் நிறைய இடத்தில் தவறாக ஏறின. நடுவில் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பரம்பரை கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டுவந்தது. வேண்டிய சீர்திருத்தம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் பாஷையில் சொன்னால், டேட்டா மைக்ரேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய அட்மினை வேலையை விட்டு அனுப்பிய மாதிரி. 'தமிழ் நிலம்' இணையதளத்தில் இன்றைக்கு நாம் பார்க்கிற பட்டா விவரம் இத்தனை கை மாறி வந்தது.

சரி, நிலம் எப்படி இருந்தது? செம்மண் மேடு. அறுபதுகளில் அங்கே மரம் என்று பார்த்தால் முந்திரியும் பனையும்தான் என்று அப்பா சொல்வார். மழை பெய்தால் செம்மண் ஓடையாக அரித்துக்கொண்டு கடலுக்குப் போகும். கடலே கொஞ்ச தூரத்துக்குச் சிவந்து கிடக்குமாம். 1968 பிப்ரவரி 28 அன்று பக்கத்து மேட்டில் ஆரோவில் தொடங்கப்பட்டது. 124 நாடுகளிலிருந்து கொண்டுவந்த ஒரு பிடி மண்ணைத் தாமரை மொக்கு வடிவத் தாழியில் போட்டார்கள். அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. கூட்டத்தைப் பார்க்க ஓடியிருக்கிறார். வந்தவர்கள் வரப்புக் கட்டி, மழை நீரை நிறுத்தி, மரம் வைத்தார்கள். குழி தோண்டியதிலும் தண்ணீர் சுமந்ததிலும் எங்கள் ஊர் ஆட்கள் நிறையப் பேர் உண்டு. இன்றைக்கு அது காடு.

சக்குபந்தி

இப்போது பத்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நான்கு எல்லை. 'இன்னார் புஞ்சைக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு, இன்னார் முந்திரித் தோப்புக்கு வடக்கு' என்று போகும். நிலம் எங்கே இருக்கிறது என்று நேராகச் சொல்லாமல், சுற்றி இருப்பவற்றை வைத்துச் சொல்வது. அந்த வண்டிப்பாதை இப்போது தார் ரோடு. தோப்பு, விருந்தினர் விடுதி.

சோழர் செப்பேடுகளில் ஒரு நிலத்தைத் தானம் கொடுக்கும்போது இதே முறையில்தான் எழுதுவார்கள். கீழ்பாற்கெல்லை இன்னதற்கு மேற்கு, தென்பாற்கெல்லை இன்னதற்கு வடக்கு. ஆயிரம் வருஷமாக மாறாத ஒரு ஃபார்மட்! முகவரியும் அதே அடுக்குதான். மேலே மண்டலம், அதற்குக் கீழே நாடு, அதற்குக் கீழே ஊர். எங்கள் பகுதி ஜயங்கொண்ட சோழமண்டலத்து ஓய்மாநாடு.

ஓய்மாநாடு என்ற பெயர் சோழருக்கும் முந்தியது. சங்க நூலான சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன், இந்த ஓய்மாநாட்டு அரசன். பாடியவர் நல்லூர் நத்தத்தனார். பாணன் போகிற வழியில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் எல்லாம் வருகின்றன. கடைசியில் நல்லியக்கோடனின் கிடங்கில். கிடங்கில் இன்றைக்குத் திண்டிவனத்துக்குள் கிடங்கல் என்று இருக்கிறது. எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. முதல் நூற்றாண்டு கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளஸ், இந்தக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைமுகங்களைச் சொல்கிறது. பொதுகே என்பது பாண்டிச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேடு. 1945-இல் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். சோபட்மாவை மரக்காணம் என்றுதான் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மரக்காணத்துப் பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகளை இன்றும் பார்க்கலாம்.

ஆக, இந்தச் சின்ன வட்டாரம் இரண்டாயிரம் வருஷமாக யாரோ ஒருவருடைய பதிவில் இருந்துகொண்டே இருக்கிறது. நாடு, ஜில்லா, மாவட்டம். பெயர்கள் வேறு, தேவை ஒன்று. எவ்வளவு விளைகிறது, அதில் நமக்கு எவ்வளவு.

உப்பு

எங்கள் கரையில் அந்தக் கேள்விக்கு முதல் பதில் உப்பு. அம்மா பிறந்த மரக்காணத்துக்கு வருவோம்.

உப்பு விளைவது தானாக நடக்கிற விஷயம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கடல் தண்ணீரை ஊற்றினால் வெயிலில் காய்ந்து உப்பாகிவிடாதா? ஆகாது. மழை முடிந்து தை மாதம் வாக்கில் முதலில் பாத்திகளில் உள்ள சேற்றை அள்ள வேண்டும். பிறகு களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். தரை இறுகாவிட்டால் நீர் கீழே இறங்கிவிடும், உப்பில் மண் கலந்துவிடும். பிறகு உப்பங்கழி நீரைப் பெரிய பாத்தியில் தேக்கி, ஒவ்வொரு பாத்தியாக மாற்றிக்கொண்டே வர வேண்டும். கடல் நீரின் அடர்த்தி பாமே அளவில் மூன்று, மூன்றரை டிகிரி. அது 25 டிகிரிக்கு ஏறும்போதுதான் உப்பு பூக்கும். 29, 30-க்குப் போனால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்துவிடும். அதற்கு முன் மிச்ச நீரை வெளியேற்ற வேண்டும். பெரியம்மா மீட்டர் எதுவும் பார்த்ததில்லை. பாத்தித் தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்துச் சொல்வார். காலை வெயில் ஏறுவதற்குள் பலகையால் வாரி, கூடையில் அள்ளி, தலையில் சுமந்து மேட்டில் கொட்ட வேண்டும். ஐப்பசி மழை வந்தால் மூன்று மாதம் வேலை கிடையாது.

இந்த உப்பின் மேல் ராஜாக்களுக்கு எப்போதும் ஒரு கண். நான்காம் நூற்றாண்டுப் பல்லவர்களின் ஹிரஹடகள்ளிச் செப்பேடு, தானமாகக் கொடுத்த கிராமத்துக்கு என்னென்ன தொந்தரவு கிடையாது என்று பட்டியல் போடும்போது உப்பையும் சேர்த்திருக்கிறது. விலக்கு கொடுக்கிறார்கள் என்றால், மற்ற ஊர்களில் பிடுங்கினார்கள் என்று அர்த்தம்.

கம்பெனி அதைக் கச்சிதமாகச் செய்தது. 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசாங்கத்தின் ஏகபோகம் ஆனது. விளைவிப்பவர் விற்க முடியாது. அரசு சொல்கிற விலைக்கு அரசிடமே கொடுக்க வேண்டும். அரசு பல மடங்கு விலையில் மக்களுக்கு விற்கும். 1889-இல் சென்னை உப்புச் சட்டம். 1888-இல் ஒரு மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, வரி இரண்டரை ரூபாய். பிறகு குறைந்தது. 1923-இல் ஒன்றேகால் ரூபாயை மறுபடி இரண்டரை ரூபாயாக்கி, எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருஷமே இறக்கினார்கள். 1930-இல் காந்தி தண்டிக்கும், ராஜாஜி வேதாரண்யத்துக்கும் நடந்ததன் பின்னணி இந்த வரிதான். 1947 ஏப்ரல் முதல் தேதி, சுதந்திரத்துக்கு நாலரை மாதம் முன்பாக, உப்பு வரி ஒழிந்தது.

சென்னைக்கு உப்பும் விறகும் போன பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி மரக்காணம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை, பட்டினியில் கிடந்தவர்களை வைத்து நிவாரண வேலையாக வெட்டினார்கள். பெயர் மட்டும் அன்றைய கவர்னர் பக்கிங்காம் கோமகனுடையது.

சுதந்திர இந்தியாவில் உப்பு யாருடையது? அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மத்தியப் பட்டியலில் 58-ஆவது வரி உப்பு. மரக்காணத்து அளங்களில் மத்திய அரசின் நிலமும் உண்டு, மாநில அரசின் நிலமும் உண்டு. 1948-இல் பத்து ஏக்கருக்குள் உப்பு விளைவிக்க லைசென்ஸ் வேண்டாம் என்று விட்டார்கள். காந்தி கேட்டது கிடைத்தது, நல்ல விஷயம்தான். ஆனால் லைசென்ஸ், குத்தகை, டன் கணக்கு என்று எந்தப் பதிவேட்டை எடுத்தாலும் அது நிலத்தையும் உப்பையும் பற்றியது. குத்தகைதாரருக்குக் கீழே தினக்கூலிக்கு வந்து போகிறவர்களுக்கு அதில் கட்டமே கிடையாது. கூலி சாயங்காலம் கையில் கொடுக்கப்படும். அதோடு கணக்கு முடிந்தது.

இப்போது திரும்பிப் பாருங்கள். செப்பேடு ராஜாவையும் தானம் வாங்கியவரையும் எழுதியது. 1818 உடன்பாடு உப்பள முதலாளியை எழுதியது. கெசட்டியர் தீர்வையை எழுதியது. தாத்தாவின் பத்திரம், வாங்கியவர், விற்றவர், அக்கம்பக்கத்து நிலக்காரர் எல்லோரையும் எழுதியது. ஆயாவும் சேர்ந்து சம்பாதித்த காசில் வாங்கிய நிலம் அது. ஆயா பெயர் ஒரு வரியிலும் இல்லை. உப்பு வாரியவர் பெயர் எங்கேயுமே இல்லை. பெரியம்மாவிடம் ஆதாரம் இல்லாதது பெரியம்மாவின் அசட்டை இல்லை. இந்த டேட்டாபேஸை வடிவமைத்தவர்கள் யாரும் அவருக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை.

தேடிப் பார்த்ததில் ஒரே ஒரு விதிவிலக்கு எனக்குக் கிடைத்தது. சிறுபாணாற்றுப்படையில், பாண்டியனின் கொற்கையைச் சொல்லும் இடம். உப்பு வண்டிகளோடு வந்த உமணர்கள். அவர்களோடு கூடவே வந்த குரங்கு ஒன்று. அது கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆக்கி, உமணப் பெண்களின் பிள்ளைகளோடு விளையாடுகிறது. அவ்வளவுதான் காட்சி. எவ்வளவு உப்பு, யாருக்கு எவ்வளவு வரி, ஒன்றும் கிடையாது. நத்தத்தனார் கணக்கெடுக்க வரவில்லை, பரிசுக்குப் போகிற வழியைச் சொல்ல வந்தார். போகிற போக்கில் உப்பு வண்டிப் பக்கத்தில் ஒரு அம்மாவும் பிள்ளையும் இருப்பதைப் பார்த்திருக்கிறார். நான் தேடிய இரண்டாயிரம் வருஷப் பதிவுகளில், உப்புக்காரர் வீட்டுப் பிள்ளையைப் பார்த்த கண்ணாக நான் கண்டது அது ஒன்றுதான்.

பெரியம்மா

போன மாசம் மரக்காணம் போனேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது அளமெல்லாம் வெள்ளக்காடாகக் கிடந்ததைப் பெரியம்மா சொல்லிக்கொண்டே வந்தார். அந்த வருஷம் பாத்திகளைத் திரும்பக் கட்டுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டதாம். வரப்பின் மேல் நடக்கும்போது எனக்கு வழுக்கியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு எழுபது, எனக்கு நாற்பத்து நாலு.

நான் லேப்டாப்பைத் திறந்து ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். எந்த வருஷம் முதல் வேலைக்கு வந்தார், எந்த அளம், யாருடைய குத்தகை, கூட வேலை செய்தவர் யார், கூலி எவ்வளவு. வருஷம் கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. "உங்கம்மா கல்யாணத்துக்கு மொத வருஷம்" என்றார். "சுனாமிக்கு அப்புறம் ரெண்டு வருஷம் அந்த மேட்டு அளம்" என்றார். சக்குபந்தி மாதிரியேதான். காலத்தை நேராகச் சொல்லாமல், சுற்றி நடந்ததை வைத்துச் சொல்கிறார். நான் அதையெல்லாம் வருஷமாக மாற்றினேன். மத்தியானத்துக்குள் இன்னும் பத்து பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் திருத்தினார். பதினொரு பெயர். ஒருவருக்கு ஒருவர் சாட்சி.

அதை அச்செடுத்து, கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, மனுவோடு இணைத்துக் கொடுத்திருக்கிறோம். பெரியம்மா கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தன் பெயர் இருந்த வரியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். "இம்மாம் வருசத்துக்கும் ஒரே ஒரு வரிதானா?" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி வந்து அந்த ஷீட்டில் அவர் பெயருக்குக் கீழே, அவர் சொன்ன அளங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி போட்டேன். பதினேழு வரி வந்தது.

குயிலாப்பாளையம் பட்டா பெயர் மாறி வந்துவிட்டது. பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒப்பிட்டுக் காட்டியதும் வேலை முடிந்தது. மரக்காணத்து மனு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தகரப் பெட்டி இருக்கும். பழைய கூலிச் சீட்டு, உப்பு எடைச் சீட்டு, அளத்துக் குத்தகை ரசீது ஏதாவது கண்ணில் பட்டால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காகிதம் இல்லாவிட்டால் பரவாயில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், எந்த அளம், எந்த வருஷம் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.